ஞாயிற்றுக்கிழமை வானம்

விபத்து என்ற சொல்லை என்னைப்போல் அத்தனை தடவை டைப் அடித்தவர்கள் தூத்துக்குடியில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எழுபதுகளில், புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், அங்கே ஒரு சர்க்கார் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். துறைமுகம் பெரிதானால் பின்னாலேயே விமானமும் வரும் என்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். தெற்கத்தி மாவட்டங்கள் மூன்றுக்கும் சேர்த்து விமானப் பாதுகாப்புக்கு ஒரு திட்டம் தயாரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்கு ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுத்து டைப் அடிப்பது என் வேலை.

மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் ஒரு விமானத்துக்குக் கோளாறு வந்தால் எங்கே இறங்கலாம், எந்த ஊர்த் தீயணைப்பு வண்டி ஓட வேண்டும், எந்த ஆஸ்பத்திரியில் கட்டில் காலியாக இருக்கும், யார் யாருக்குப் போன் போட வேண்டும், இதெல்லாம்தான் திட்டம். நடக்காத ஒன்றை நடந்ததுபோலவே பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நாசரேத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவள் நான். சகுனம் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. இருந்தாலும் கெட்ட வார்த்தையைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது விரல் நுனி குளிர்ந்துபோகும்.

போதாக்குறைக்கு என் கணவரும் அதே அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். மூன்று மாவட்டங்களின் வரைபடத்தை அவர்தான் வரைந்தார். அலுவலக மேஜை சின்னது என்று வீட்டுக்குக் கொண்டுவந்து, நாங்கள் சாப்பிடும் மேஜையில் விரித்துவிடுவார். அதில் அங்கங்கே சிவப்பு மையால் வட்டங்கள். ஒரு நாள் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டேன், இந்த வட்டமெல்லாம் என்ன என்று.

"விமானம் எறங்கவோ ஏறவோ கூடாத எடம். பறவை, பொகை, ஆள் நடமாட்டம், இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும்."

"இறங்கினா?"

"இறங்கினா வட்டத்துக்குள்ள ஆளு மிஞ்சாது. அப்பளம் இருக்கா?"

கத்திரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கமிட்டித் தலைவர் ஆழ்வார்திருநகரிப் பக்கத்துக்காரர். தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளைவித்த குடும்பம், சுத்த சைவம். தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்த பிறகும் கடலை அலுவலக ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்மேல் முழுசாகக் கோபப்பட முடியாது, அதுதான் அவரிடம் எனக்கு இருந்த தொந்தரவு. அவருக்கு அடுத்தபடி தீயணைப்பு அதிகாரி. பெரிய மீசை வைத்திருப்பார். எந்தப் பேச்சையும் பாதியில் விட்டுவிட்டு அதைத் தடவ ஆரம்பித்துவிடுவார். இவர்கள் போக, விமானம் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் மதராஸிலிருந்து எப்போதாவது வந்து யோசனை சொல்லிவிட்டுப் போவார்.

விமானம் இறங்க அவர்கள் பார்த்துவைத்த இடம் ஊருக்குத் தெற்கே, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த கெட்டித் தரை. அது ஓர் உப்புக் கம்பெனியின் இடம். மற்ற நாட்களில் உப்பு லாரிகள் அதன் குறுக்கே ஓடிக்கொண்டே இருக்கும். லாரி ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வந்து அளந்துகொள்ளுங்கள் என்று கம்பெனி சொல்லிவிட்டது. எங்களுக்கும் அது சௌகரியமாக இருந்தது. காலை ஆராதனை முடிந்து வந்ததும் என் கணவர் கறிக்கடைக்குப் போய்வருவார். நான் குழம்பு வைத்து டிபன் கேரியரில் அடைப்பேன். பிறகு இரண்டு பேருமாக ஜீப்பில் ஏறிக்கொள்வோம். அந்த வருஷம் மழை தொடங்கும்வரை கமிட்டி அங்கே போனதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

அந்த இடத்து அமைதியை இப்போது நினைத்தாலும் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். தரையின் கடலோர முனையில் ஒரு மீனவக் குடியிருப்பு. அங்கிருந்து மாதா கோயில் கோபுரம் தெரியும். வள்ளங்களை மணலில் வரிசையாக ஏற்றி வைத்திருப்பார்கள். கரையில் ஒரு ஆள் இருக்காது. வானத்தில் ஒரு புள்ளி இருக்காது. வெயில் மட்டும் உப்பில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். வீட்டுக்காரர்கள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டதுபோல எனக்குத் தோன்றும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

மதராஸ்காரர் ஒரு தடவை வந்திருந்தபோது தலையைத் தூக்கி, "பறவைத் தொல்லை?" என்று கேட்டார். எல்லாரும் மேலே பார்த்தோம். "ஒண்ணுமே இல்லை, நீங்களே பாருங்க" என்றார் தலைவர். அப்படியே எழுதிக்கொண்டேன். அன்று சாயங்காலம் என் கணவர் வரைபடத்தில் அந்த இடத்தில் சின்னதாக ஒரு விமானப் படம் போட்டார். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடவில்லை.

திட்டம் மதராஸுக்குப் போனது. அங்கே படித்துப் பார்த்துவிட்டு, ஒரு சின்ன விமானத்தை இறக்கிக் காட்டுங்கள், பெரியவர்கள் சிலர் பார்க்க வருவார்கள் என்று பதில் போட்டார்கள். அவர்கள் குறித்த நாள் ஒரு புதன்கிழமை. விமானத்தில் விமானியைத் தவிர ஒருவர் உட்காரலாம். வரைபடம் வரைந்தவரே மேலிருந்து கரையைப் பார்த்துப் போட்டோ எடுக்கட்டும், முந்தின நாள் மதுரைக்குப் போய் அங்கே ஏறிக்கொள்ளட்டும் என்று தலைவர் சொன்னார். அதற்கு முன் என் கணவர் விமானத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்தவர் காலில் செருப்பைக் கழற்ற மறந்து உள்ளேயே நடந்துகொண்டிருந்தார்.

"நீங்க போகவேண்டாம்" என்றேன்.

"ஏளா, ஆகாசத்துல இருந்து நம்ம வீட்டு ஓட்டைப் பாத்து, எங்கன ஒழுகுதுன்னு சொல்லுதேன். கொத்தனாருக்கு உள்ள வேலை மிச்சம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் நான் டைப் அடித்த கெட்ட சங்கதியெல்லாம் ஊர் பேர் தெரியாத யாருக்கோ நடப்பதாக இருந்தது. இப்போது அந்த யாரோ என் வீட்டுக்குள் செருப்புக் காலோடு நடந்துகொண்டிருந்தார்.

அந்த வாரம் திங்கட்கிழமை, புதனன்று யாரும் தரைக்குள் வரக்கூடாது என்று குடியிருப்பில் சொல்லிவர தீயணைப்பு அதிகாரியும் நானும் ஜீப்பில் போனோம். உப்பளம் தாண்டியதும் கடற்கரைக்கு மேலே கறுப்பாகப் புகை சுழல்வது தெரிந்தது. குடிசை எங்கோ தீப்பிடித்துவிட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். அதிகாரி டிரைவரை விரட்டினார். கிட்டே போகப் போகப் புகை துண்டு துண்டாகப் பிரிந்தது. அவ்வளவும் பருந்துகள். அவற்றுக்குக் கீழே கடல்காக்கைகள், அதற்கும் கீழே காக்கைகள். கரை முழுக்க மீன் காய்ந்துகொண்டிருந்தது. குடல் குவியல் குவியலாகக் கிடந்தது. ஒரு பருந்து எங்கள் ஜீப்பின் கூரைக்கு மேல் உரசுவதுபோலப் போனது.

"இது என்னது, நாம..." என்று ஆரம்பித்த அதிகாரி மீசைக்குக் கையைக் கொண்டுபோனார்.

மீன் கீறிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி என் கஞ்சிபோட்ட சேலையைப் பார்த்துவிட்டு என்னை டீச்சர் என்று நினைத்துக்கொண்டாள். "டீச்சரம்மா, பாத்து வாங்க, வழுக்கும்" என்றாள்.

"எப்பவும் இவ்வளவு பருந்து வருமா?"

"மீனு கெடந்தா வரும்."

"ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூட இல்லையே."

நான் கேலி செய்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம பூச நாளுல்லா. யாரு கடலுக்குப் போவா? சனிக்கெழமயே வள்ளத்தைக் கரையேத்திருவாவ. மீனு இல்லாத எடத்துல அதுவளுக்கு என்ன சோலி?"

பருந்து மட்டுமா? லாரி இல்லை, குறுக்கே போகும் ஆள் இல்லை, மீன் அவிக்கும் அடுப்புப் புகை இல்லை என்று நாங்கள் எழுதினதெல்லாமே ஞாயிற்றுக்கிழமையின் கதை. வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த இடம் எப்படி இருக்கும் என்று கமிட்டியில் ஒருவருக்கும் தெரியாது. அதை நம்பி என் கணவர் மறுநாள் மதுரைக்கு ரயிலேறப் போகிறார்.

திரும்பி வரும் வழியில் தீயணைப்பு அதிகாரி, "நம்ம வண்டியில தண்ணி உண்டும்மா. பெட்ரோல் தீக்குத் தண்ணி..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். மிச்சத்தையும் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை.

தலைவர் நாங்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார். எப்போதும்போல அன்றும் மறுத்துப் பேசவில்லை. புதன்கிழமையை வேறு நாளுக்கு மாற்றச் சொன்னேன். மதராஸிலிருந்து பெரியவர்கள் கிளம்பிவிட்டார்கள், இனிமேல் மாற்ற முடியாது என்றார். பிறகு, "பறவை மீனுக்குத்தானே வருது? புதன்கிழமை மீனே இல்லேன்னா வராதில்லையா?" என்று கேட்டார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கே மாதா கோயில் சாமியாரைப் போய்ப் பார்த்தார். குடியிருப்பில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஒரு நாள் தொழிலை விடுவது அந்த மக்களுக்குச் சும்மா காரியம் இல்லை. ஆனாலும் ஊருக்கு விமானம் வருகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். புதன்கிழமை வள்ளம் இறங்காது, கரையைச் செவ்வாய்க்கிழமையே கூட்டிக் குடலையெல்லாம் புதைத்துவிடுவார்கள் என்று ஏற்பாடானது. உப்புக் கம்பெனியும் அன்றைக்கு மட்டும் லாரிகளை நிறுத்திவைக்கச் சம்மதித்தது.

"புதன்கிழமையை ஞாயிற்றுக்கிழமை ஆக்கியாச்சு, போதுமா?" என்றார் தலைவர் என்னைப் பார்த்து. எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை ரயிலேற்றிவிடப் போனபோது என் கணவர் ஜன்னல் வழியாகச் சொன்னார். "ஊருக்கெல்லாம் நோட்டீஸ் அடிச்ச. பருந்துக்கும் ஒரு காப்பி அனுப்பிரு."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா போங்க" என்றேன்.

புதன்கிழமை காலையில் தரைக்குப் போனபோது எல்லாம் ஞாயிற்றுக்கிழமைபோலவே இருந்தது. கோயில் மணி அடித்தது. வள்ளங்கள் மணலில் நின்றன. கரையைக் கூட்டிக் கோலம் போடலாம்போல வைத்திருந்தார்கள். மதராஸ் பெரியவர்களுக்குப் பந்தல் போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். தரையின் நடுவில் ஒரு வெள்ளைத் துணியை விரித்திருந்தார்கள். துணி கிடந்தால் விமானம் இறங்கலாம், சுருட்டிவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும். விமானியோடு பேச எங்களிடம் வேறு வழி இல்லை.

முதலில் ஒரு பருந்து வந்தது. கரைக்கு மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பனைமரத்தில் உட்கார்ந்தது. பிறகு நாலைந்து வந்தன. பிறகு எண்ண முடியவில்லை. தினமும் தீனி கிடைத்த இடத்தில் ஒன்றும் இல்லாததால் அவை உட்காரவே இல்லை. வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போயின. கரையை விட்டு, கோயிலை விட்டு, எங்கள் தரைக்கு மேலேயே வந்து சுற்ற ஆரம்பித்தன. கீழே நிழல்கள் வெள்ளைத் துணிமேல் ஓடிக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் வரவில்லை என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் ஆட்டுக்கறி நாள். கறி தின்கிற வீடு அத்தனையிலும் அன்று கறிதான். கசாப்புக் கடைகளுக்கு மேலே பருந்து மொய்க்கும். என் கணவர் கறிப்பொட்டலத்தைக் குடையால் மறைத்துக்கொண்டுதான் வீடு வந்து சேருவார். இங்கே மீன் இல்லாத நாளில் அவற்றுக்கு அங்கே சோறு இருந்தது. புதன்கிழமை ஊருக்குள் ஆடு அடிக்க மாட்டார்கள். மனிதர்களுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டுவந்துவிட்டு, பருந்துகளைப் பட்டினி போட்டுவிட்டோம். சைவக்காரத் தலைவர் கறிக்கடைப் பக்கம் போயிருக்கவே மாட்டார். நாங்கள் தின்றோம், ஆனால் யோசிக்கவில்லை. யோசிப்பதற்குத்தான் கமிட்டி என்று ஒன்றைப் போட்டிருந்தார்கள்.

நான் பந்தலுக்குப் போய், பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், "சார், துணியைச் சுருட்டச் சொல்லுங்க" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. சத்தம் கேட்டதும் கலைஞ்சிரும்."

"கலையாது சார். அதுக்குப் பசி."

அவர் பெரியவர்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். தலைவர் மறுபடியும் வானத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், கையைப் பிசைந்தார். அப்போது வடக்கே இரைச்சல் கேட்டது. தீயணைப்பு அதிகாரி யாரையும் கேட்காமல் துணியை நோக்கி நடந்தார். அப்புறம் ஓடினார். அவர் பாதி வழி போவதற்குள் விமானம் கோபுரத்தைத் தாண்டித் தணிந்து வந்துவிட்டது.

பருந்துகள் கலைந்தன. ஆனால் எல்லாப் பக்கமும் கலைந்தன. ஈரத் துணியைக் கல்லில் அறைந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. இன்னொன்று கேட்டது. விமானத்தின் இரைச்சல் இருமலாக மாறியது. சக்கரம் தரையில் பட்டு, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, பாத்தி வரப்பை உடைத்துக்கொண்டு போய், மூக்கு குத்தி உப்புத் தண்ணீருக்குள் நின்றது. தீப்பிடிக்கவில்லை. அதை மட்டும் கடவுள் பார்த்துக்கொண்டார்.

நான் உப்புத் தண்ணீருக்குள் எப்படி ஓடினேன் என்று தெரியாது. விமானி தன் கையைப் பிடித்துக்கொண்டு தானாக இறங்கினார். என் கணவரைத் தீயணைப்பு அதிகாரியும் அவருடைய ஆட்களும் தூக்கி வந்தார்கள். முன்கண்ணாடி உடைந்து உள்ளே வந்திருந்தது. முகம் முழுக்க ரத்தமும் இறகும். கேமரா கழுத்திலேயே தொங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

"ஏளா, நீ எங்கன நிக்க?" என்று கேட்டார்.

"உங்க கையைப் பிடிச்சிருக்கேன்லா" என்றேன். அவர் என் விரல்களைத் தடவிப் பார்த்தார்.

திட்டத்தில் எழுதியிருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். எழுதியிருந்த கட்டில் காலியாக இல்லை. வராந்தாவில் ஒன்றைப் போட்டார்கள். வலது கண் போய்விட்டது என்று டாக்டர் அன்றே சொன்னார். இடது கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். அது பிற்பாடு கொஞ்சம் பிழைத்தது. கோடு போடுகிற வேலைக்கு அந்தக் கொஞ்சம் போதவில்லை.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். தலைவரும் கூட வந்தார். வராந்தாப் படியிலேயே நின்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கணவருக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. வந்தவர்களில் மூத்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நேரா அந்த இடத்தைப் பார்த்துட்டு வரோம். அருமையான தரை. வானத்துல ஒரு காக்கா கூட இல்லையே. பறவை எங்கிருந்து வந்ததுன்னுதான் புரியலை."

என் கணவர் தலையைத் திருப்பினார். ஆஸ்பத்திரியில் அவருக்கு இரவு பகலே தெரியவில்லை, கிழமைக்கு எங்கே போவார்?

"ஏளா, இன்னைக்கு என்ன கெழம?"

"ஞாயித்துக்கிழமை" என்றேன்.

"அப்பம் சரி" என்றார். "ஞாயித்துக்கெழமன்னா வானம் சுத்தமாத்தான் இருக்கும்."

நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பூசை நாள், கறி நாள், கூட்டி வைத்த கரை, ஒன்று விடாமல் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூத்தவர் தலையாட்டிக் கேட்டார். "நீங்க சொல்றது புரியுதும்மா. கம்பெனி எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் அனுமதி கொடுத்தது" என்றார். இளையவர் அதுவரை எழுதிக்கொண்டே இருந்தார். எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். அந்த இடத்தில் வானம் சுத்தமாகத்தான் இருக்கும் என்று விமானத்தில் வந்தவரே சொல்கிறார் என்று எழுதியிருந்தது. கிழமை விட்டுப்போயிருந்தது. நான் கத்தியதில் ஒரு வரிகூட இல்லை.

கீழே ஒரு கையெழுத்து வேண்டும் என்று பேனாவை என் கணவரின் விரல்களுக்குள் வைத்தார். அவர் தாளின் ஓரத்தைத் தடவினார். ஆயுசு முழுக்கத் தாளைத் தடவியே பழகின கை.

"எங்கன போடணும், காட்டு" என்றார் என்னிடம்.

நான் காட்டவில்லை. அவர் விரல்களிலிருந்து பேனாவை உருவினேன். மூடியைப் போட்டு அந்த அதிகாரியிடம் கொடுத்தேன்.

"புதன்கிழமை வாங்க" என்றேன்.

அவர்கள் வரவில்லை. கையெழுத்து இல்லாமலே அந்தத் தாள் மதராஸுக்குப் போனது. என் கணவர் வரைந்த வரைபடமும் கூடவே போனது. அதில் அந்த இடத்தைச் சுற்றிக் கடைசிவரை யாரும் சிவப்பு மையைத் தொட்டு வைக்கவில்லை.